நியமங்கள் பிறந்த போட்டிகள்

சென்னை மாநகருக்கு வருவோர் யாவரும் சென்ட்ரல், எழும்பூர் என்னும் இரண்டு பெரிய இரயில் நிலையங்களை அறிவர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம். அவ்வளவு அண்மையில் உள்ளவை அவை. ஆயினும், நெடுங்காலம் வரையில், சென்ட்ரலில் நின்ற வண்டி எழும்பூருக்குள் நுழைய இயலாது; எழும்பூரில் நின்ற வண்டி சென்ட்ரலுக்குச் செல்ல இயலாது. தில்லியிலிருந்து மதுரைக்குப் போகும் பயணி சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குச் சென்று, அங்கே வேறு வண்டி ஏறவேண்டியிருந்தது. காரணம், தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடையிலுள்ள அகலம். சென்ட்ரலில் அது 5 அடி 6 அங்குலம். எழும்பூரில் ஒரு மீட்டர், அதாவது 3 அடி 3⅜ அங்குலம். இரு வேறு கம்பெனிகள் இரு வேறு காலங்களில் இட்ட பாதைகள் அவை. இடும்போது ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம்; மாற்றும்போது ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒரு பொருள் இவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும், இவ்வளவு பாரம் தாங்குதல் வேண்டும், இன்ன முறையில் சோதிக்கப்படுதல் வேண்டும் என்று பலர் கூடி ஆய்ந்து முடிவு செய்து எழுதிவைக்கும் ஏற்பாட்டையே தொழில்நுட்ப நியமம் என்கிறோம். சிமெண்டுக்கு நியமம் உண்டு, மின்செருகிக்கு உண்டு, தலைக்கவசத்திற்கு உண்டு. 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியத் தர நிர்ணய நிறுவனம் முதல் எண்ணிட்டு 1951-இல் வெளியிட்ட நியமம் எதற்குத் தெரியுமா? நம் தேசியக் கொடிக்கு. துணியும் நிறமும் அளவும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அது வரையறுத்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பொறியியல் பயில்வோர் இந்நியமங்களை எங்கே காண்கிறீர்கள்? பெரும்பாலும் பாடநூலின் இறுதியில் உள்ள அட்டவணையில். தேர்வுக்கு முன்னால் எண்ணைப் பார்த்துக்கொள்வதும், தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவதும் வழக்கம். அட்டவணையின் பின்னே நடந்த வழக்கு ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. யார் எதை வேண்டினார், யார் மறுத்தார், எந்தக் கட்சி வென்றது, எந்தக் கட்சி நியாயமாகவே தோற்றது என்பனவெல்லாம் அந்த எண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. இதனை மாணவருக்கு விளங்கவைக்கும் வழி, அவர்களையே அந்த வழக்கில் ஒரு கட்சியாக நிறுத்துவதுதான் என்பது என் கருத்து. அஃதாவது, போட்டி. இது புதிதாக முளைத்த யோசனை அன்று; பெரிய நியமங்கள் சில போட்டிக்களத்திலேயே பிறந்தன. அத்தகைய களங்கள் இரண்டை இன்று காண்போம். ஒன்று இரும்பில் நடந்தது. மற்றொன்று எண்களில் நடந்தது.

முதலாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் நிலக்கரிச் சுரங்கப் பாதைகளில் பழகியவர். அங்கே வழக்கிலிருந்த அகலத்தை ஒட்டி 4 அடி 8½ அங்குலத்தைத் தம் இரயில் பாதைகளுக்குக் கொண்டார். ஐசம்பார்டு புரூனல் என்னும் எஞ்சினியரோ வேறு இயல்பினர். 'சுரங்க வண்டிக்கு ஏற்ற அளவு விரைவு வண்டிக்கு எதற்கு?' என்பது அவர் வாதம். இலண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குச் செல்லும் கிரேட் வெஸ்டர்ன் பாதையை அவர் 7 அடி அகலத்தில் இட்டார். இரு பாதைகளும் தனித்தனியே வளர்ந்த வரையில் தொல்லையில்லை. 1844-45-இல் அவை கிளாஸ்டர் என்னும் ஊரில் சந்தித்தன. அங்கே ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு பெட்டியும், ஆடும் மாடும் உட்பட, ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றப்பட்டன. சரக்குகள் உடைந்தன, காணாமற் போயின, வழி மாறின. வணிகர் கூக்குரலிட்டனர். பாராளுமன்றம் 1845-இல் மூவர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. அம்மூவருள் ஒருவர் அரச வானநூலறிஞர் ஜார்ஜ் ஏரி.

புரூனல் ஓர் ஓட்டப்பந்தயம் வைக்கும்படி கேட்டார். அவ்வாறே அவ்வாண்டின் இறுதியில் சோதனை ஓட்டங்கள் நடைபெற்றன. அகலப் பாதையின் சார்பில் 'இக்சியான்' என்னும் எஞ்சின் பாடிங்டனுக்கும் டிட்காட்டுக்கும் இடையே ஓடி, 80 டன் பாரத்தை இழுத்துக்கொண்டு மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டியது. குறுகிய பாதையின் எஞ்சின்கள் வடக்கே யார்க், டார்லிங்டன் பகுதியில் ஓடின. அவற்றின் சிறந்த வேகம் 53 மைல்; பாரமும் குறைவு. அவற்றுள் ஒன்று தண்டவாளத்தை விட்டுப் புரண்டும் போயிற்று. பந்தயத்தில் எவர் வென்றார் என்பதில் ஐயமே இல்லை. குழுவினரும் வேகத்தில் அகலப் பாதையே மேலானது என்பதை ஒப்புக்கொண்டனர்.

ஆயினும் தீர்ப்பு குறுகிய பாதைக்கே கிடைத்தது. குழுவினர் நாட்டிலுள்ள பாதைகளை அளந்து கணக்கிட்டனர். 4 அடி 8½ அங்குலப் பாதை ஏறத்தாழ 1,900 மைல் இருந்தது. 7 அடிப் பாதை 274 மைல். எதை மாற்றுவது எளிது? 1846-இல் சட்டம் வந்தது. பயணிகள் செல்லும் புதிய பாதைகள் இனிக் குறுகிய அளவிலேயே அமைதல் வேண்டும் என்பது அதன் சாரம். புரூனலின் அகலப் பாதைக்கும் சில விலக்குகள் கிடைத்தன; ஆகவே அது உடனே மறையவில்லை. 1892-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திரண்டு, எஞ்சியிருந்த 171 மைல் பாதையை இரண்டே நாட்களில் மாற்றி அமைத்தனர். புரூனல் இறந்து அப்போது ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்பந்தயத்திலிருந்து அறியக் கிடப்பது ஒன்று உண்டு. பாதை இடும் முன்னர் நடந்திருக்க வேண்டிய போட்டி, பாதை இட்ட பின்னர் நடந்தது. இரண்டாயிரம் மைல் இரும்பு தரையில் பதிந்துவிட்ட பிறகு எஞ்சின்களை ஓடவிட்டுப் பயனென்ன? புரூனல் முன்வைத்த வாதத்தை 1830-ஆம் ஆண்டிலேயே நாடு கேட்டிருக்குமாயின் உலகின் பெரும்பகுதியில் இன்று தண்டவாளங்கள் இன்னும் அகலமாகக் கிடந்திருத்தல் கூடும்.

இங்கிலாந்தில் நேர்ந்த தொல்லையை இந்தியாவில் இருந்தவர்கள் அறியாமல் இல்லை. டல்ஹௌசி பிரபு 1850-இல் எழுதிய குறிப்பில், இந்நாடு முழுமைக்கும் ஒரே அகலம் இருத்தல் வேண்டும் என்றும், இங்கிலாந்து பட்ட பாட்டை இந்தியா படக்கூடாது என்றும் வற்புறுத்தினார். அவர் 6 அடி வேண்டும் என்றார். முடிவில் 5 அடி 6 அங்குலம் ஏற்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1870-இல் மேயோ பிரபுவின் அரசாங்கம், செலவைக் குறைக்கும் பொருட்டு, சிறிய பாதை ஒன்றை வகுத்தது. அதன் அகலம் சரியாக ஒரு மீட்டர். ஏன் மீட்டர்? இந்தியா விரைவில் மெட்ரிக் அளவைகளை மேற்கொள்ளும் என்று அப்போது எண்ணியிருந்தனர். அச்சட்டம் வருவதற்கு 1956-ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க நேர்ந்தது என்பது வேறு செய்தி. வாராத விருந்தாளிக்காகச் சமைத்த உணவைப் போல, மீட்டர் பாதை மட்டும் வந்து நிலைத்துவிட்டது. அதனை அகலப் பாதையாக மாற்றும் பெருந்திட்டம் 1992-இல்தான் தொடங்கிற்று. எழும்பூரும் சென்ட்ரலும் இப்போது ஒரே அகலத்தில் உள்ளன.

இனி, இரண்டாவது களத்திற்கு வருவோம். இங்கே இரும்பு இல்லை, நீராவி இல்லை. வங்கியிலிருந்து வங்கிக்கு ஒரு செய்தி போகின்றது. இடையில் எவரேனும் அதனைத் திருடிப் படித்தாலும் விளங்காதபடி மறைத்து அனுப்புதல் வேண்டும். அனுப்புவோரும் பெறுவோரும் வெவ்வேறு கம்பெனிகளின் கணிப்பொறிகளை வைத்திருப்பர். ஆகவே, மறைக்கும் முறை இருவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். மறைத்ததைத் திறக்கும் சாவி மட்டுமே இரகசியம். தண்டவாள அகலத்தைப் போலவே இதற்கும் ஒரு நியமம் தேவையாயிற்று.

அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய அலுவலகம் 1973-இல் இதற்கென முறைகளை அனுப்புமாறு பொது அழைப்பு விடுத்தது. தகுதியானது ஒன்றும் வரவில்லை. மறுமுறை அழைத்தபோது ஐ.பி.எம். கம்பெனியின் முறை ஒன்று வந்தது. போட்டி என்று பெயர். களத்தில் நின்றவர் ஒருவரே. அம்முறை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் பார்வைக்குச் சென்று திரும்பியது. சாவியின் நீளம் 56 இரும இலக்கங்கள் என்று முடிவாயிற்று. உள்ளே பயன்பட்ட எண் அட்டவணைகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதற்கான காரணங்களோ வெளியிடப்படவில்லை. 1977-இல் அது டி.இ.எஸ். என்னும் பெயருடன் நியமமாயிற்று.

அட்டவணைகளில் ஏதேனும் கள்ளக் கதவு வைத்திருப்பார்களோ என்று அறிஞர்கள் ஐயுற்றனர். ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. 1990-ஐ ஒட்டி, எலி பீஹம், ஆடி ஷமிர் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் புதிய தாக்குதல் முறை ஒன்றைக் கண்டு வெளியிட்டனர். வியப்பு என்னவெனில், டி.இ.எஸ். அதனை நன்கு எதிர்த்து நின்றது. ஐ.பி.எம். எஞ்சினியர்கள் அத்தாக்குதலை முன்பே அறிந்து அட்டவணைகளை அதற்கேற்ப அமைத்திருந்தனர் என்பது 1994-இல் அவர்களுள் ஒருவர் எழுதிய கட்டுரையால் வெளிப்பட்டது. நல்ல காரணம் இருந்தது, சொல்லப்படவில்லை. சொல்லப்படாத காரணம், இல்லாத காரணத்தைப் போலவே ஐயத்தை விளைத்தது. ஒரு நியமத்தின் அருகில் அதன் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டியதன் தேவையை மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த சான்று நான் அறிந்தவரையில் இல்லை.

சாவியின் நீளம் குறைந்தது மட்டும் மெய்யான குறை. 56 இலக்கச் சாவிகள் மொத்தம் ஏறத்தாழ 720 கோடி கோடி. பெரிய எண்தான். ஆனால் 1998-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் தனிப்பட்டவர்கள் அமைத்த ஓர் இயந்திரம், ஒவ்வொரு சாவியாகச் சோதித்து, 56 மணி நேரத்தில் ஒரு செய்தியைத் திறந்து காட்டியது. பழைய நியமத்தின் காலம் முடிந்தது என்பது வெளிப்படை.

நல்லவேளையாக, அதற்கு முன்பே, 1997-இல், அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய தொழில்நுட்ப நிறுவனம் புதிய போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. பழைய அனுபவம் வீண் போகவில்லை என்பதை அப்போட்டியின் விதிகளே காட்டுகின்றன. எந்த நாட்டவரும் கலந்துகொள்ளலாம். முறை முழுவதும் வெளிப்படையாக எழுதப்படுதல் வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் ஏன் அவ்வாறு அமைத்தீர் என்பதற்குக் காரணம் கூறுதல் வேண்டும். சாவி 128, 192, 256 இலக்கங்கள் என மூவகையிலும் இயங்குதல் வேண்டும். வென்றவர் உரிமைத் தொகை கேட்கக் கூடாது. உலகத்தார் அனைவரும் இவற்றைப் படித்துக் குறை காணலாம். போட்டியாளர்களே ஒருவர் முறையை மற்றவர் உடைக்க முயலலாம். பரிசுத் தொகை கிடையாது!

1998-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவிலுள்ள வென்சுராவில் கூடிய முதல் மாநாட்டில் பதினைந்து முறைகள் களத்தில் நின்றன. ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, பிரான்சு, கனடா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை உண்டு. கோஸ்டாரிகா என்னும் சிறு நாட்டிலிருந்து வந்ததும் உண்டு. ஜெர்மனியின் பெரிய தொலைபேசிக் கம்பெனி அனுப்பிய 'மெஜந்தா' என்னும் முறையின் கதை சுவையானது. அதன் ஆசிரியர் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோதே, கீழே அமர்ந்திருந்தவர்கள் அதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டனர். பெரிய கம்பெனியின் பெயர் அங்கே குடை பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு ரோம் நகரில் மீண்டும் கூடினர். பின்னர்ப் பதினைந்து ஐந்தாயிற்று. ஐ.பி.எம்.மின் 'மார்ஸ்', அமெரிக்கப் பேராசிரியர் ரிவெஸ்ட் முதலியோரின் 'ஆர்.சி.6', 'டூஃபிஷ்', 'சர்ப்பென்ட்', பெல்ஜியத்தைச் சேர்ந்த இளைஞர் இருவரின் 'ரைண்டால்' என்பன எஞ்சின. அவ்விருவரின் பெயர்கள் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன். இருவரும் லூவன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். முப்பதை ஒட்டிய வயதினர். முறையின் பெயர் அவர்கள் இருவர் பெயரையும் குழைத்துச் செய்தது. அதனை எவ்வாறு உச்சரிப்பது என்று அமெரிக்கர் திணறியபோது, எழுத்தாலேயே பாடம் சொல்லிக்கொடுத்தனர் அந்த இளைஞர்.

ரைண்டாலின் அமைப்பை ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாலைப் பொழுதில் காகிதத்தில் எழுதிவிடலாம். செய்தியின் பதினாறு துண்டுகளை நான்கு வரிசையும் நான்கு நிரலும் கொண்ட சதுரமாக அடுக்குகின்றனர். ஒவ்வொரு துண்டும் ஓர் அட்டவணைப்படி வேறொன்றாக மாற்றப்படுகின்றது. பின்பு வரிசைகள் வெவ்வேறு அளவு நகர்த்தப்படுகின்றன. அதன்பின் ஒவ்வொரு நிரலும் கணித முறையில் கலக்கப்படுகின்றது. இறுதியில் சாவியின் ஒரு பகுதி சேர்க்கப்படுகின்றது. சாவி 128 இலக்கமாயின் இச்சுற்று பத்து முறை; 192 ஆயின் பன்னிரண்டு; 256 ஆயின் பதினான்கு. எளிய அமைப்பு. எளிமையால் ஒரு நன்மை உண்டு: குறை காண வருபவர் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அங்ஙனமாயின் தகராறு எங்கே இருந்தது? 'சர்ப்பென்ட்' 32 சுற்றுகள் கொண்டது. உறுதியில் அது விஞ்சியது என்று பலர் கருதினர். ஆனால் மெதுவாக இயங்கும். ரைண்டால் பெரிய கணிப்பொறியிலும் விரைந்து ஓடியது. சிறிய அட்டைக்குள் அடங்கும் சில்லிலும் நன்கு ஓடியது. தேவைக்கு மேல் எவ்வளவு உறுதி வேண்டும்? அதற்காக எவ்வளவு வேகத்தை இழக்கலாம்? பாலம் கட்டுபவர் கேட்கும் கேள்வியே இதுவும். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த மூன்றாம் மாநாட்டில் வந்தவர்களின் கருத்தைக் கேட்டபோது ரைண்டாலுக்கே ஆதரவு மிகுந்திருந்தது. அக்டோபர் 2-ஆம் நாள் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 2001 நவம்பரில் ஏ.இ.எஸ். என்னும் பெயரில் நியமமாயிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் நியமத்தை பெல்ஜிய நாட்டு இளைஞர் எழுதினர். அதனைக் குறித்துப் பெரிய முணுமுணுப்பு எழவில்லை. தோற்றவர்கள் பலரும் அதனை உடைக்க முயன்று பார்த்தவர்கள் அல்லரோ! உங்கள் கைப்பேசியிலும் வங்கிக் கணக்கிலும் இன்று காவல் நிற்பது அதுவே.

இப்போட்டியை நான் விரித்துரைப்பதற்குக் காரணம், அது ஒரு பள்ளிக்கூடமாகவும் அமைந்தது என்பதே. ஒரு முறையை அனுப்பியவர் மற்றப் பதினான்கையும் படிக்க நேர்ந்தது. ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்குப் புகழ்பெற்ற பேராசிரியரின் முறையில் ஓட்டை தேடும் உரிமை இருந்தது. இந்த உரிமை வெறும் பேச்சளவினது அன்று. பிற்காலத்தில் அதே நிறுவனம், வருங்காலக் குவாண்டம் கணிப்பொறிகளுக்கும் அஞ்சாத மறைமுறைகளுக்காக 2016-இல் மற்றொரு போட்டியைத் தொடங்கிற்று. அறுபத்தொன்பது முறைகள் ஏற்கப்பட்டு, பல சுற்றுகள் கடந்தன. இறுதிச் சுற்று வரை வந்த 'ரெயின்போ' என்னும் முறையை 2022 பிப்ரவரியில் வார்ட் பியூலன்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் உடைத்தார். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு மடிக்கணினியும் ஒரு வார இறுதியும். அவரும் லூவனில் பயின்றவரே. அதே ஆண்டு கோடையில், மேலும் ஆராய்வதற்கென நிறுத்திவைத்திருந்த 'சைக்' என்னும் முறையை லூவனைச் சேர்ந்த வேறிருவர் உடைத்தனர். சாதாரணக் கணிப்பொறி; ஒரு மணி நேரம். அவர்கள் கையாண்ட கருவி 1997-இல் வெளிவந்த தூய கணிதத் தேற்றம் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளாக அது நூலகத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது.

அவை நியமமாகி, உலகெங்கும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் பதிந்த பின்னர் உடைந்திருக்குமாயின் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கிளாஸ்டர் நிலையத்தில் மூட்டைகள் உடைந்தன. இங்கே உடைவது மூட்டை அன்று. அப்போட்டியில் நிலைத்து நின்ற முறைகளைக் கொண்டு 2024 ஆகஸ்டில் மூன்று நியமங்கள் வெளிவந்தன.

இனி நம் கல்லூரிகளுக்கு வருவோம். கொரிய நாட்டில் 2006 முதல் தர நிர்ணய ஒலிம்பியாடு என்னும் போட்டி நடைபெற்று வருகின்றது. பள்ளி மாணவர்கள் குழுக்களாக வருகின்றனர். ஒரு சிக்கல் அவர்கள் முன் வைக்கப்படுகின்றது. அதற்குரிய நியமத்தை அவர்கள் எழுதுகின்றனர். பின்பு அதற்காக வாதாடுகின்றனர். பிற நாட்டு மாணவர்களும் நாளடைவில் அதில் சேரலாயினர். நம் நாட்டிலும், பழைய தர நிர்ணய நிறுவனத்தின் இடத்தில் 1987-இல் அமைந்த இந்தியத் தர நிர்ணய அமைவனம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தர மன்றங்களைத் தோற்றுவித்து, நியமம் எழுதும் போட்டிகளையும் நடத்துகின்றது. மகிழத்தக்க முயற்சி. ஆனால் பல இடங்களில் வினாடி வினாவே போட்டியாகிவிடுகின்றது. 'இன்ன பொருளின் நியம எண் யாது?' என்று கேட்பதும், முந்திக்கொண்டு மணி அடிப்பதும், கோப்பை வாங்குவதும் நினைவாற்றலுக்குப் பயிற்சியாகலாம். நியமத்தைப் பற்றி அவை ஒன்றும் கற்பிப்பதில்லை. அட்டவணை மேடைக்கு வந்ததைத் தவிர வேறு என்ன நடந்தது?

நல்ல போட்டிக்கு அரிய பொருள் வேண்டுவதில்லை. தெருவில் காய்கறி விற்கும் தள்ளுவண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நியமம் எழுதுக என்று ஐந்து குழுக்களிடம் கூறுங்கள். முதற் குழு வண்டியின் அகலத்தை 4 அடி என்று எழுதிவிடும். இரண்டாவது குழு சந்தை இருக்கும் சந்தை அளந்து, இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் நடப்பவருக்கு இடமில்லை என்று காட்டும். கைப்பிடியின் உயரம் தள்ளுபவருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். தள்ளுபவர் ஆணா, பெண்ணா, முதியவரா? ஒரே உயரம் என்றால் யாருக்கு முதுகு வலிக்கும்? சக்கரம் பெரிதானால் பள்ளத்தில் எளிதாக ஏறும், தட்டு உயர்ந்துவிடும், வாங்க வரும் குட்டையானவருக்கு எட்டாது. 'உறுதியான மரம்' என்று ஒரு குழு எழுதினால், உறுதி என்பதை எப்படிச் சோதிப்பது என்று மற்றொரு குழு கேட்கும். எத்தனை கிலோ வைத்து, எவ்வளவு நேரம் நிறுத்தி, எவ்வளவு வளைந்தால் தவறு? சோதிக்க இயலாத சொல்லுக்கு நியமத்தில் இடமில்லை என்பதை அந்த ஒரு கேள்வியில் கற்றுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது தெருவில் ஓடும் பழைய வண்டிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் நாளையே ஒதுக்கிவிட்டால் பிழைப்பு யாருடையது? ஏரியின் குழு 1,900 மைலையும் 274 மைலையும் எண்ணிய அதே இக்கட்டில் மாணவர்கள் வந்து நிற்பார்கள்.

இத்தகைய போட்டியில் மதிப்பெண் இடும் முறையையும் மாற்றுதல் வேண்டும். தன் வரைவை எழுதியதற்குப் பாதி. பிறர் வரைவில் மெய்யான குறை கண்டு, அதனை எழுதிக் காட்டியதற்குப் பாதி. நடுவர் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு தச்சரும், தள்ளுவண்டி தள்ளும் ஒருவரும் அமர்தல் நன்று. தச்சர் கேட்கும் கேள்விகளுக்குப் பல குழுக்கள் விடை கூற இயலாமல் நிற்கும் என்பது என் எண்ணம்.

போட்டி நடைபெறாத கல்லூரியில் பயிலும் மாணவரும் காத்திருக்க வேண்டுவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் புதிய நியமம் ஒன்றை இறுதி செய்யும் முன்னர் அதன் வரைவைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடுகின்றது. கருத்து அனுப்புவதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. 'இவ்வரைவு நன்றாக இருக்கின்றது' என்று எழுதுவதனால் குழுவினருக்குப் பயனில்லை. எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல் அல்லது எந்த எண், அதில் உள்ள குறை யாது, அதனை எவ்வாறு சோதித்து அறிந்தீர்கள், அதற்குப் பதிலாக அமைய வேண்டிய வாசகம் யாது என்னும் இவ்வைந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, வரைவில் குறித்த கெடுநாளுக்குள் அனுப்புதல் வேண்டும்.